கழுத்துக்கும் பராமரிப்பு வேண்டாமா?

கத்திரி வெயிலுக்குத் தேனி தயாராகிவிட்டது, மகிழ்ச்சி. க்ளென்சர், டோனர், சீரம், மாய்ஸ்சரைசர், அதன்மேல் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன். பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் ஐந்தும் வேர்வையோடு கழுத்துக்கு இறங்கிவிடும். கழுத்துக்கும் பராமரிப்பு வேண்டாமா? சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவது விதி. ஆகவே வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவர்களுக்காக, நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்திலேயே ஒரு சன்ஸ்கிரீன் பந்தலும் போட்டாக வேண்டும்.

சீரத்தில் திராட்சை விதைச் சாறாம். கடல் கடந்து வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் விதையைத் துப்பிவிடுகிறோம். இறக்குமதி என்றால்தானே தோலுக்கு மரியாதை!

சுருளிப்பட்டியில் கொடிப் பந்தலடியில் குலை வெட்டும் அக்காவின் முகம் பளபளத்தது. என்ன பிராண்ட் என்று விசாரித்தேன்.

“எங்க வீட்டுக்காரரு பழைய முழுக்கைச் சட்டை, தலைக்கு ஒரு துண்டு. வேறென்ன தாயி?”

காலாவதித் தேதி போடாத பொருளை எப்படி நம்புவது?