அப்படியே உட்கார்ந்துடும்

"அப்படியே உட்கார்ந்துடும். ரெண்டு சனிக்கிழமை வேலை."

கலிபோர்னியாவில் ஏதாவது ஒரு தெருவில், பாதி தூக்கிய கராஜ் கதவுக்குப் பின்னாலிருந்து இந்த வாக்கியம் காதில் விழுந்தால், உள்ளே இருப்பவர் ரோட்டரிக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரத்ததான முகாம் நடத்துகிற ரோட்டரி சங்கத்துக்காரர் அல்ல. இவரும் ரத்தம் கொடுப்பவர்தான். விரல் முட்டியிலிருந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக.

என் அடுத்த வீட்டில் அப்படி ஒருவர். அவரிடம் இருப்பது 1985-ஆம் வருஷத்து மஸ்டா ஆர்எக்ஸ்-7. நீண்ட மூக்கு, பகலெல்லாம் இமை மூடித் தூங்கும் முகப்பு விளக்குகள். அழகான கார், அதில் எனக்கும் மறுப்பில்லை. உள்ளே இருந்தது 1,146 சிசி 12ஏ ரோட்டரி என்ஜின். கிட்டத்தட்ட நூறு குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஓர் ஆர்எக்ஸ்-8-இலிருந்து கழற்றிய ரெனெசிஸ் என்ஜினை ஏற்றுவது திட்டம். 1,308 சிசி, 230 குதிரைக்கு மேல்.

"ரெண்டும் ஒரே வம்சம். பேரன் தாத்தா வீட்டுக்கு வர்றான், அவ்வளவுதானே?" என்றார்.

பேரன் வந்தான். தாத்தாவின் கட்டிலில் கால் நீட்ட முடியவில்லை.

ரோட்டரி என்றால் என்ன என்று இவரைப் போன்றவர்களிடம் கேட்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவரிடம் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்ட கதையாகிவிடும். நான் ஒரு தடவை கேட்டேன். கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். மற்ற என்ஜின்களில் பிஸ்டன் மேலே போய் நின்று, கீழே வந்து நின்று, மறுபடி யோசித்து மேலே போகும். இதில் அந்தத் தயக்கமே கிடையாது. பக்கம் புடைத்த சமோசா மாதிரி ஒரு மூன்றுமுனை இரும்பு, இடுப்பு லேசாக ஒடுங்கிய குழிக்குள், ஆட்டுக்கல்லில் குழவி போவதுபோல் ஓரத்தைத் தடவிக்கொண்டே சுற்றும். சமோசா ஒரு சுற்று வந்தால் நடுத்தண்டு மூன்று சுற்று வரும். அமெரிக்கர்கள் இதை டொரிட்டோ சிப்ஸ் என்கிறார்கள். புடைப்பைப் பார்த்தால் சமோசாதான் சரி.

இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் முதலில் செய்தது இன்னும் வேடிக்கை. அதில் குழியும் சுற்றும், சமோசாவும் சுற்றும். அதாவது வெட் கிரைண்டர். என்எஸ்யு கம்பெனியின் பொறியாளர்கள் குழியை அசையாமல் நிறுத்திவிட்டுக் குழவியை மட்டும் ஓட்டினார்கள். உலகமே ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்குப் போனபோது, கிரைண்டரிலிருந்து ஆட்டுக்கல்லுக்குத் திரும்பிய ஒரே சாமான் இதுதான். வாங்கெலுக்கு இதில் மனத்தாங்கல். அவரோ கடைசிவரை டிரைவிங் லைசென்சே எடுக்காதவர்.

திட்டத்துக்கு வருவோம். பழைய என்ஜின் தன் முன்பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஜாதி. புதியதற்குப் பிடிமானம் வேறு இடத்தில். ஆயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது. பழைய காரின் ஆக்சிலரேட்டர் கம்பியால் இழுபடுவது. புதிய என்ஜினுக்குக் கம்பி பிடிக்காது, மின்சாரத்தில் தகவல் அனுப்ப வேண்டும். அதன் கம்ப்யூட்டரோ, பிறந்த வீட்டுச் சாவியைக் காட்டினால்தான் வாயைத் திறப்பேன் என்றது. சாவி எங்கே? நொறுங்கிய காரோடு போயிற்று. ஒவ்வொரு தடையின்போதும் நம்மவர் முகத்தில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் அமைந்த களைதான் தெரிந்தது.

'நல்லா இருக்கு, திறக்க வேண்டாம்' என்று விற்றவர் சொல்லிக் கொடுத்த என்ஜினை மூன்றாம் நாளே திறந்தார். திறக்க முதலில் பிளைவீலைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் நட்டின் அளவு 54 மில்லிமீட்டர். பத்தும் பன்னிரண்டுமாகப் பார்த்த கண்ணுக்கு அது நட்டு அல்ல, கைமுறுக்கு. அதற்கென்று ஒரு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி, கைப்பிடியில் செருகிய ஆள் உயர இரும்புக் குழாய்.

"நீங்க சும்மா என்ஜினைப் பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார் என்னிடம்.

இந்தச் 'சும்மா'வை நம்பியவர்கள் முதுகுக்குத் தைலம் வாங்கியிருக்கிறார்கள். நான் என்ஜினைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். அவர் குழாயின் நுனியில் முழு உடம்பையும் தொங்கவிட்டார். என்ஜினும் நானும் சேர்ந்து கால் வட்டம் சுற்றினோம், நட்டு அசையவில்லை. நாலாவது தடவை, பிள்ளையார் கோவிலில் விடலைத் தேங்காய் போட்ட சத்தம். நட்டு கழன்றிருந்தது. அவர் தரையில் கிடந்தபடி சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் பூஜை. குழிச்சுவரில் டார்ச் அடித்து, சுண்டுவிரல் நகத்தால் மெல்லத் தடவினார். சமோசாவின் முனைக்கு ஒன்றாக மெல்லிய சீல்; இரண்டு சமோசாவுக்கு ஆறு. ரோட்டரிக்காரரின் சந்தோஷம், துக்கம், மாசச் சம்பளம் மூன்றும் இந்த ஆறு துண்டுகளில் இருக்கின்றன. தொடக்க காலத்தில் இவை சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. ஹிரோஷிமாவில் மஸ்டா பொறியாளர்கள் அதற்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் மண்டையை உடைத்துக்கொண்டு, கார்பனோடு அலுமினியத்தைச் சேர்த்து ஒரு சீல் கண்டுபிடித்த பிறகுதான் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் தெருவுக்கு வந்தது. இதைச் சொல்லும்போது நம்மவர் குரல் தழுதழுக்கும்.

அடுத்து எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். லெ மான் கார் பந்தயம், 1991, ஆரஞ்சும் பச்சையுமாக மஸ்டாவின் 55-ஆம் எண் ரோட்டரி கார். "ஜெயிச்சோம், பொறுக்காம தடை பண்ணிட்டாங்க." விதியை மாற்றுவதென்பது அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவான விஷயம் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் எனக்கு வணக்கம் கிடையாது. அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது: ரோட்டரி காரில் வி8 பிஸ்டன் என்ஜினை வைப்பது. அப்படிச் செய்த ஒருவர் பேச்சு வந்தால், குலத்தில் ஓடிப்போனவரைச் சொல்வதுபோல் குரலைத் தணித்துக்கொள்கிறார்.

அரசாங்கமும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. இந்த மாநிலத்தில் என்ஜினை மாற்றினால், அது காரின் வயதை ஒத்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். அதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் ஒன்று விடாமல் கூடவே குடிவர வேண்டும். ரெஃப்ரி என்றே பெயருள்ள பரிசோதகர் பார்த்துத் தலையாட்ட வேண்டும். 1975-க்கும் அதற்கு முந்திய மாடல்களுக்கும் இந்தப் புகைச் சோதனை இல்லை. "ஒரு பத்து வருஷம் முன்னாடி பிறந்திருக்கக் கூடாதா?" என்று காரைப் பார்த்துக் கேட்டார். ஆர்எக்ஸ்-7 என்ற கார் உலகத்துக்கு வந்ததே 1978-இல் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு சனிக்கிழமை பதினாலு மாதமாக நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்ஜின் கிளம்பியது. தெரு நாய்கள் கோரஸாகக் குரைத்தன, குழந்தைகள் கூடினார்கள். என்ஜினின் சுற்றைக் காட்டும் முள் ஒன்பதாயிரத்தை நோக்கி ஏறியது. எனக்கே புல்லரித்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாள் காலை ஏழரை மணி. அவர் மனைவி வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவருடைய டொயோட்டா கராஜுக்குள். அதன் பின்னால் வழியை மறித்து ஆர்எக்ஸ்-7. பன்னிரண்டு அடி நகர்த்தினால் போதும். நம்மவர் என் வீட்டு மணியை அடித்தார்.

"கொஞ்சம் கை கொடுக்கணும். தள்ளணும்."

"ஏன், நேத்துதானே ஓடிச்சு? ஸ்டார்ட் பண்ணுங்களேன்."

"பன்னெண்டு அடிக்கா?" பதறிவிட்டார். குளிர்ந்த ரோட்டரியைக் கிளப்பி, சூடேறுவதற்குள் அணைத்தால் பெட்ரோல் உள்ளேயே தங்கிவிடுமாம்; பிளக் நனைந்துவிடுமாம்; சுவரில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிட்டால் சீல் அழுத்தம் பிடிக்காதாம்; அப்புறம் லேசில் கிளம்பாதாம்.

டொயோட்டாவுக்குள் அம்மையார் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அந்தப் பொறுமையில் பழக்கம் தெரிந்தது. நம்மவர் ஜன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் தோள் கொடுத்தேன். 230 குதிரையும் உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தள்ளினோம்.

"பார்த்தீங்களா," என்றார் மூச்சுக்கு நடுவில், முகமெல்லாம் பூரிப்பாக, "எவ்வளவு லேசா நகருது! பிஸ்டன் வண்டியா இருந்தா இப்படித் தள்ள முடியுமா?"