தள்ளுபடிக் கணக்கு

அரசாங்கப் புள்ளிவிவரத்தில் மனைவியை அடிப்பவருக்கும் தள்ளுபடி உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விதிப்படி, ஒரு எப்.ஐ.ஆரில் எத்தனை குற்றம் இருந்தாலும் மிகக் கொடியது ஒன்றுதான் எண்ணப்படும். அடித்தவர் கொலையும் செய்துவிட்டால், அடித்தது கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டுக்கோ காயம் மட்டுமே தெரியும். கணவர் பக்கத்திலேயே நின்றால், ‘மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்’ என்பதைத் தவிர வேறென்ன எழுத முடியும்? நம்மூர் மாடிப்படிகளுக்குப் பெண்கள்மேல் அப்படி என்ன ஆத்திரமோ!

தேசியக் குடும்பநல ஆய்வு ‘வன்முறை நடந்ததா’ என்று மொட்டையாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று, வேறு யாரும் இல்லாதபோது கேட்கிறது. 2019-21 ஆய்வில், 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள், தமிழ்நாட்டில் 38.1. மிகைப்படுத்துகிறார்கள் என்பார்கள் சிலர். கேள்வித்தாளோடு வந்த அந்நியரிடம், வாங்காத அடியை வாங்கியதாகச் சொன்னால் என்ன கிடைக்கும், ரேஷனில் கூடுதல் சர்க்கரையா? புகாரே வராமல் போலீஸ் எப்படி எண்ணும் என்பது நியாயமான கேள்விதான். எண்ண வேண்டாம்; புகார் குறைந்ததை அமைதி என்று அறிக்கை விடாமல் இருந்தால் போதும். அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.