ஊருக்கெல்லாம் சொன்னார்கள், எனக்குச் சொல்லவில்லை

எனக்குச் சடங்கு சுற்றிய அன்று மாரண்டஹள்ளியில் எங்கள் தெரு முழுக்க ஒரு கோர்ட் சீன் ஒலித்துக்கொண்டிருந்தது. மைக் செட்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, பாட்டு கேசட் தீர்ந்ததும் 'விதி' படத்தின் கதைவசனத்தைப் போட்டுவிட்டார். 1984-ல் வந்த படம். காதலித்துக் கர்ப்பமாக்கிக் கைவிட்டவன்மேல் ஒரு பெண் வழக்குப் போடுகிறாள். பூர்ணிமா கூண்டில் நிற்பார், சுஜாதா அவருக்காக வாதாடுவார், எதிர்த்தரப்பில் ஜெய்சங்கர். அந்த வருஷங்களில் கல்யாணமோ காதுகுத்தோ, இந்த வசனம் ஒலிக்காமல் எங்கள் பக்கத்தில் எந்த விசேஷமும் முடிந்ததில்லை. படம் பார்க்காதவர்களுக்கும் அந்த வாதம் மனப்பாடம்.

தாய்மாமன் கட்டிய பச்சை ஓலைக் குடிசைக்குள் உளுந்தங்களியைத் தின்றபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பெரியவளான சேதி பாலக்கோடு, ராயக்கோட்டை வரைக்கும் பத்திரிகை அடித்துப் போயிருந்தது. சீர்த்தட்டுகள் வந்தன. ரயிலடியில் இறங்கி வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, மஞ்சள் பூசி, நலுங்கு வைத்துவிட்டுப் போனார்கள். என் உடம்பில் என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆயாவிடம் கேட்டேன்.

"எதுக்கு ஆயா இப்படி ஆவுது?"

"பொம்பளையாப் பொறந்தா அப்படித்தாண்டி. கண்டதையும் கேக்காத."

எனக்கு வாய்த்த முதல் பாலியல் கல்வி அந்தக் குழாய் வழியாக வந்த கோர்ட் சீன்தான். ஒருவனை நம்பினால் குழந்தை வரும், வந்தபின் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். நம்புவதற்கும் குழந்தை வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அந்த வழக்கில் யாரும் பேசவில்லை. அந்தப் படத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கைவிடப்பட்ட பெண் தூக்கில் தொங்குவதும் ஆற்றில் விழுவதுமே வழக்கமாக இருந்த சினிமாவில், ஒருத்தி கூண்டேறி எனக்கு நியாயம் சொல் என்று கேட்டாள். குடிசைக்குள் இருந்த எனக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் தைரியம் வேறு, தெரிந்திருப்பது வேறு.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடம் இருந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம், அன்றைக்கு எங்கு படித்தவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தவளையின் ஜீரண மண்டலம் வரைக்கும் படம் போட்டு நடத்திய ஆசிரியர், இனப்பெருக்கம் வந்ததும் நாலைந்து பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினார். "இதை வீட்ல படிச்சிக்கோங்க. பரீட்சைக்கு வராது." வீட்டில் யாரிடம் படிப்பது? சுகாதார நிலையச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் இருந்தது. தூர்தர்ஷனில் நிரோத் ஆணுறை விளம்பரம் வரும்போது பெரியப்பா கனைப்பார், பிள்ளைகள் எழுந்து வாசலுக்குப் போவோம். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே கல்யாணமாகிப் போனாள். பெண்ணுக்குத் திருமண வயது பதினெட்டு என்று 1978-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் அதைச் சட்டமாக நினைக்கவில்லை.

இருபது வருஷம் கழித்து நிஜக் கோர்ட்டே டி.வி.க்குள் வந்தது. 2005 செப்டம்பரில் 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்புக்கு நடிகை குஷ்பு ஒரு பேட்டி கொடுத்தார். திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றிப் பேசியவர், அப்படி உறவு கொள்ளும் பெண் கர்ப்பமும் பால்வினை நோயும் வராமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு நடத்தாமல் திருப்பிவிட்ட பக்கங்களின் சாரம் அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. முதல் பாதிக்காக அவர்மேல் 23 குற்றப் புகார்கள் பதிவாயின, பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில். எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் மேட்டூர் கோர்ட்டுக்கு அந்த நவம்பரில் அவர் வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன. அதை டி.வி. செய்தியில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28-ல் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அத்தனையையும் ரத்து செய்தது. முட்டை வீச்சைக் காட்டியதுபோல இந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பக் காட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

இடைப்பட்ட அந்த ஐந்து வருஷத்தில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. 2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் தக்காளிக் கூடை சுமக்கும் வீட்டுக்கும் டி.வி. வந்தது. ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று ஒவ்வொரு மாநிலமாக நிறுத்தின. எங்களுக்கு ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றே அறிக்கை கொடுத்தது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்த காலமும் வகுப்பிலிருந்து பாடம் வெளியேறிய காலமும் ஒன்று. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை, யாரும் கொடுக்காமலே, சீரியலின் கையில் போய்ச் சேர்ந்தது.

சீரியல் என்ன சொல்லிக் கொடுத்தது? மயங்கி விழுகிறவளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, இவள் தாயாகப் போகிறாள் என்பார். சில வாரம் அழுகை. பிறகு கோர்ட். அங்கே கூட்டம் நிரம்பி வழியும். எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டின் விளிம்பைத் தட்டி, அந்த ராத்திரி நீ எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று கத்துவார். குற்றம் சாட்டப்பட்டவன் எதிர்க் கூண்டில் முறைத்துக்கொண்டு நிற்பான். தீர்ப்புக்கு முந்தின நிமிஷம் டி.என்.ஏ. ரிப்போர்ட் ஓடிவரும். நான் பார்த்த தொடர்களில் வயதுவராத பெண்ணைப் பற்றிய வழக்கிலும் இதே காட்சிதான். அந்தப் பெண்ணுக்கு அதுவரை யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு வக்கீலும் கேட்டதில்லை. வீட்டையும் பள்ளியையும் சாட்சிக்கு அழைத்ததே இல்லை.

இதை வெறும் கதைதானே என்று என்னால் விட முடியவில்லை, காரணம் உண்டு. மாவட்டத்தின் இன்னொரு மூலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த ஒரு தோழியிடம், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாய் கேட்டாராம்: "கேஸு குடுத்தா டி.வி.ல காட்றாப்ல எல்லாரு முன்னாடியும் நிக்கவெச்சிக் கேப்பாங்களா சிஸ்டர்? அப்புடின்னா வேணாம், உட்டுடுங்க."

அந்தத் தாய்க்குத் தெரியாதது இதுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின்படி இந்த வழக்குகள் மூடிய அறையில், வெளியார் இல்லாமல் நடக்க வேண்டும். அது 37-வது பிரிவு. குழந்தைக்கு நம்பிக்கையான பெற்றோரோ வேறு ஒருவரோ கூட இருக்கலாம். வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கவே கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். ஆவேசமான விசாரணைக்கும் நடத்தையைப் பழிப்பதற்கும் 33-வது பிரிவு தடை போடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவன் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டியிராதபடி திரையோ வீடியோவோ வைக்கச் சொல்கிறது 36. பெயரையோ படத்தையோ ஊடகம் வெளியிட முடியாது. சட்டம் இத்தனை கவனத்தோடு கட்டிய அறையை சீரியல் ஒரே காட்சியில் சந்தையாக்கிவிடுகிறது. அதைப் பார்த்துப் பயந்து புகார் கொடுக்காமல் போகிற வீடு எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது.

சட்டத்தின் மறுபக்கத்தையும் அந்தத் தொடர்கள் காட்டுவதில்லை. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு பெண்ணின் சம்மத வயது பதினாறு, இப்போது பதினெட்டு. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போனால் பையன்மேல் போக்சோ பாயும் என்பது, போலீஸ் வேன் தெருவுக்குள் வரும்வரை இரண்டு பேருக்குமே தெரியாது. காதல் உறவில் இருக்கும் வளரிளம் பருவத்தினரைச் சிறையில் தள்ளுவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் சொன்னார். சட்டத்தைத் திருத்துவது டெல்லியின் வேலை. அந்தச் சட்டம் இருக்கிறது என்பதைப் பதினைந்து வயதில் சொல்லிவைப்பது நம் வேலை.

வேறு இடத்துத் தொலைக்காட்சிகளில் இந்தக் கேள்வியைக் கோர்ட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை ஓடிய 'பாஸ்டன் லீகல்' தொடரில், ஒழுக்கமாய் இரு என்பதைத் தவிர வேறெதையும் சொல்லித்தராத பள்ளியை ஒரு மாணவி கோர்ட்டுக்கு இழுக்கிற கதை வந்தது. அந்த மாதிரிப் போதனைக்கு அவர்கள் அரசாங்கம் 1996-ல் போட்ட சட்டத்தின்கீழ் வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கிக்கொண்டிருந்த காலம் அது. நம் நாட்டில் அதைச் செய்தது ஒரு ஹிந்தி சினிமா. 2023 ஆகஸ்டில் வந்த 'ஓஎம்ஜி 2'. அதில் ஒரு பையனின் அந்தரங்கம் வீடியோவாகப் பரவுகிறது, பள்ளி அவனை வெளியேற்றுகிறது, அவன் சாகத் துணிகிறான். பாடத்தைச் சொல்லித்தராதது உங்கள் குற்றம் என்று அப்பா பள்ளிமேலேயே வழக்குப் போடுகிறார். பங்கஜ் திரிபாதி அந்த அப்பாவாகக் கூனிக்குறுகி ஆரம்பித்து, வாதாடி வாதாடி நிமிர்வதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைக்கு இதைச் சொல்லித்தா என்று கோர்ட்டில் ஒரு தகப்பன் கேட்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. யாருக்காக அந்த அப்பா வாதாடினாரோ, அந்த வயதுப் பிள்ளைகள் தியேட்டருக்குள் போக முடியவில்லை. 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே டி.வி.யிலும் போட முடியாது, எல்லாரும் பார்க்கத்தக்கது என்று மறுசான்று வாங்க வேண்டும். சீரியலுக்கோ முன்தணிக்கையே கிடையாது. எட்டு மணிக் கோர்ட் சீனில் ஒரு சிறுமியைக் கூண்டில் ஏற்றிக் குதறுவதை நடுவீட்டில் எல்லா வயதினரும் பார்க்கலாம். இந்த ஏற்பாடு தவறு. அந்தப் படம் பதினான்கு வயதுக்கு மேல் ஒவ்வொரு பள்ளியிலும் காட்ட வேண்டிய படம்.

என் தங்கை மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அந்தப் படத்தைக் கைபேசியில், நெட்ஃப்ளிக்ஸில், ஆங்கில எழுத்துகளை வாசித்துக்கொண்டே பார்த்துவிட்டாள்.

"பெரியம்மா, அந்தப் பையனுக்கு எங்க மிஸ்ஸே சொல்லியிருந்தா அவ்ளோ தூரம் போயிருக்காதுல்ல?"

"உங்க மிஸ் சொல்றாங்களா?"

"நாப்கின் குடுக்குறாங்க. குட் டச், பேட் டச் சொன்னாங்க. அந்தப் பாடம் வந்தப்ப மட்டும், நீங்களே படிச்சிக்கோங்கன்னாங்க."

அவளுக்குச் சடங்கு வைத்தபோது ரயிலடி முனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள், அவள் படம், தாய்மாமன்கள் படம், கட்சிக்காரர்கள் படம். குழாய்க்குப் பதில் ஃப்ளெக்ஸ். ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளிப் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வந்தது பெரிய காரியம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் கல்யாணம் ஆனவர்கள் 2015-16-ல் 16.3 சதவீதம், 2019-21-ல் 12.8 சதவீதம். என் பெஞ்சுத் தோழிக்குக் கிடைக்காதது இன்று நிறைய பேருக்குக் கிடைக்கிறது. ஆனாலும் எட்டில் ஒருத்தி என்றால் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

நிஜ நீதிபதிகள் டி.வி. நீதிபதிகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2024 செப்டம்பர் 23-ல், சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வந்த ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் பாலியல் கல்வியைப் பற்றி விரிவாகப் பேசியது. அது மேல்நாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற எண்ணங்கள் தவறு என்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு எழுதியது. 2025 அக்டோபரில் நீதிபதிகள் சஞ்சய் குமார், அலோக் அராதே அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், சிறு வயதிலிருந்தே தொடங்க வேண்டும் என்றது. எந்த சீரியல் வக்கீலும் இந்தத் தீர்ப்புகளைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை.

தொடர் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் தினமும் ஒரு மாநிலமே உட்கார்ந்து பாடம் கேட்கிறது. அடுத்த கோர்ட் சீனில் அந்தப் பெண்ணை மூடிய அறையில், அம்மா பக்கத்தில் இருக்க, நீதிபதி மெதுவாகக் கேள்வி கேட்பதாக எழுதுங்கள். பள்ளித் தலைமையாசிரியரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, அந்தப் பாடத்தை ஏன் நடத்தவில்லை என்று கேளுங்கள். இதை வாசிக்கும் ஆசிரியர்களே, அந்த நாலைந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வீட்டுக்காரர்களுக்கு இரண்டு எண்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.