கௌரவமான ஆயுதம்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில். நல்லதுதான். கோட்டையின் ராஜகிரி மலைப் படிகளில் நீர்மோர் விற்கிறவர்களுக்கு நாலு காசு கூடக் கிடைத்தால் யாருக்கு வருத்தம்? ஆனால் உலகம் ஒன்றுகூடிக் கைதட்டியது எதற்கு என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மலையுச்சியில் கிடக்கும் பீரங்கியோடு எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். செஞ்சியின் ஆயுதம் அது இல்லை. அது கீழே இருக்கிறது. பெயர் நெற்களஞ்சியம். முற்றுகைப் போரில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யாருடைய நெல் முதலில் தீரும்? மற்றதெல்லாம், வாள், வேல், குதிரை, வீரமுழக்கம் உட்பட, பொழுதுபோகாமல் செய்தவை.

மனித குலம் கருணையுள்ளது. எந்த ஆயுதம் அநியாயமானது, எது கொடூரமானது என்று தொள்ளாயிரம் வருடமாக உட்கார்ந்து யோசித்துத் தடை போட்டு வருகிறது. 1139இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சபைச் சங்கம் குறுக்குவில்லைச் சபித்தது. கிறிஸ்தவர்கள்மேல் அதை எய்யக் கூடாதாம். மற்றவர்கள்மேல்? கர்த்தர் பார்த்துக்கொள்வார். 1718இல் லண்டனில் ஜேம்ஸ் பக்கிள் என்ற வக்கீல் ஒரு சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் கிறிஸ்தவர்களைச் சுட உருண்டைக் குண்டு, துருக்கியரைச் சுடச் சதுரக் குண்டு. சதுரம் கூடுதலாக வலிக்கும் என்று கணக்கு. அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது.

நம் நாட்டுக்கும் இந்தக் கருணை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரின் ஆயுதத் தொழிற்சாலையில், உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து சதையைக் கிழிக்கும் தோட்டாவைச் செய்தார்கள். வடமேற்கு எல்லையில் பட்டாணியரைச் சுட அது தேவைப்பட்டது. 1899இல் ஹேக் மாநாட்டில் அதைத் தடைசெய்யப் பேச்சு எழுந்தபோது பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எழுந்து எதிர்த்தார். நாகரிகமான சிப்பாய் குண்டு பட்டால் காயம் என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி நிற்காமல் ஓடி வருகிறான் என்பது அவர் வாதம். ஆக, நாகரிகம் என்றால் சுட்டவுடன் விழுவது. பட்டாணியனுக்கு அந்தப் பண்பு இல்லை, அதனால் அவனுக்குத் தனித் தோட்டா. தடை வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: கையெழுத்துப் போட்ட நாடுகள் தங்களுக்குள் சண்டையிட்டால்தான் இது செல்லும். கையெழுத்துப் போடும் நாற்காலியில் பட்டாணியனை யார் உட்கார வைத்தார்கள்?

வெள்ளைக்காரனைத் திட்டியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். நஞ்சு தடவியது, முள் வைத்தது, நெருப்புக் கக்குவது எல்லாம் கூடாது என்று மனு எழுதி வைத்திருக்கிறார். சங்கத் தமிழனின் அறப்போர் பற்றிப் பட்டிமன்றத்தில் பேசாதவர் இல்லை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, நெட்டிமையார் பாடியது, எல்லா மேடையிலும் வரும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் நோயாளிகளையும் பிள்ளை இல்லாதவர்களையும் எச்சரிக்கிறான்: உங்கள் அரணுக்குள் போய்ப் பத்திரமாக இருங்கள். கைதட்டல். அடுத்த பேச்சாளர்.

அதே புலவர் அதே அரசனைப் பாடிய பதினைந்தாம் பாட்டை மேடையில் யாரும் எடுப்பதில்லை. அங்கே பெருவழுதி பகைவர் தெருக்களில் கழுதை பூட்டி உழுகிறான், விளைந்த வயல்களில் தேரை ஓட்டுகிறான், காவல் குளங்களில் யானைகளை இறக்கித் தண்ணீரைக் கெடுக்கிறான். சோறு போச்சு, தண்ணீர் போச்சு. முதல் பாட்டில் அரணுக்குள் போகச் சொன்ன நோயாளியும் பெண்ணும் இரண்டாம் பாட்டில் என்ன தின்றார்கள்? முற்றுகைக்கென்று நம் இலக்கணத்தில் ஒரு திணை உண்டு. உழிஞை. அதற்கு ஒரு பூவும் உண்டு. ஊரைப் பட்டினி போடப் புறப்படும்போது தலையில் சூடிக்கொள்ள.

செஞ்சிக்கு வருவோம். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் படையோடு வந்து இறங்கினான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். மூன்று மலை, அவற்றைச் சுற்றி மதில், ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாலம் போட்டுத்தான் தாண்ட முடிகிற பிளவு. ஏறிப் பிடிக்க முடியாது. அப்படியானால் என்ன, காத்திருக்கலாம். 1698 வரை காத்திருந்தான். நடுவில் 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படையோடு வந்து முகலாயப் பாசறைக்கே தானியம் வராமல் மறித்தார்கள். பட்டினி போட வந்தவன் பட்டினி கிடந்தான். கடைசியில் ராஜாராமோடு பேரம் பேசி வந்தவாசிக்கு ஒதுங்கினான், பிறகு திரும்பி வந்தான். கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, முன்பே வேலூர்ப் பக்கம் தப்பியிருந்தார். அகப்பட்டது அவருடைய மனைவியரும் பிள்ளைகளும். கோட்டைக்கு வெற்றிக்கோட்டை என்ற பொருளில் நுஸ்ரத்கட் என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

முற்றுகை தொடங்கிய அதே 1690இல் இன்னொரு வியாபாரமும் நடந்தது. பணமுடையில் இருந்த செஞ்சி அரசு, கடலூருக்குப் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. எல்லை எவ்வளவு? பீரங்கிக் குண்டு விழும் தூரம் எவ்வளவோ அவ்வளவு. கம்பெனிக்காரன் விவரமானவன், நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து கொண்டுவந்து நாலாபுறமும் சுட்டான். குண்டு விழுந்த இடம் வரை ஊர்கள் கைமாறின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். வயலில் நின்றவன் தலைக்கு மேல் குண்டு பறந்தது, அவன் வேறு ராஜ்யத்துக் குடியானவன் ஆனான். அந்தக் குண்டு யாரையும் கொல்லவில்லை, ஆகவே அது கொடூரமான ஆயுதம் இல்லை.

அதே செஞ்சியின் ராஜா தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி ஒரே நாள் சண்டையில் செத்தார். அவருக்குக் குதிரை உண்டு, உயிர் நண்பன் உண்டு, கூத்து உண்டு, கதைப்பாட்டு உண்டு. எட்டு வருட முற்றுகையைப் பாடும் கூத்து ஒன்றை நான் கேட்டதில்லை. அரிசிப்பானையின் அடி தெரிவதை எந்த ராகத்தில் பாடுவது? சக்கரக்குளத்துக்குப் பக்கத்தில் கைதிக் கிணறு என்று ஒரு பாறைக்குழியைக் காட்டுவார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிச் சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிட்டார்கள் என்று ஊரில் சொல்வது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. செய்தவன் கை கழுவக்கூடத் தேவை இல்லை.

இத்தனை தடை போட்டவர்கள் பட்டினியை மட்டும் ஏன் விட்டார்கள்? காரணம் எளிது. நஞ்சை ஏழையும் அரைக்கலாம். குறுக்குவில்லால் ஒரு குடியானவன் கவசம் போட்ட பிரபுவைக் குதிரையிலிருந்து தள்ளிவிடலாம். அவை அநியாயம், தடைசெய்! ஓர் ஊரையே பட்டினி போடவோ வசதி வேண்டும். வருடக்கணக்கில் சம்பளம் கொடுக்கக் கஜானா வேண்டும், சுற்றி நிற்கச் சேனை வேண்டும், கடலை மறிக்கக் கப்பல் வேண்டும். அது பெரிய மனிதர்களின் ஆயுதம். பெரிய மனிதர்கள்தானே தீர்மானம் எழுதுகிறார்கள்.

எழுதியும் வைத்தார்கள். 1863இல் லிங்கன் தன் படைக்கு வெளியிட்ட லீபர் சட்டம் நஞ்சை அடியோடு விலக்குகிறது. அதே சட்டம், எதிரி ஆயுதம் ஏந்தியவனோ ஏந்தாதவனோ, அவனைப் பட்டினி போடலாம் என்கிறது. முற்றுகையிட்ட ஊரிலிருந்து வெளியேற்றப்படும் சாதாரண சனங்களை உள்ளேயே திருப்பி விரட்டலாம் என்கிறது. அப்போதுதான் சோறு சீக்கிரம் தீரும். 1941இல் லெனின்கிராடை ஜெர்மன் படை வளைத்தது. 872 நாள். பல லட்சம் பேர் பசியில் செத்தார்கள். தப்பி வெளியேறும் மக்கள்மேல் பீரங்கி சுடச் சொன்ன உத்தரவு 1948இல் நியூரம்பெர்க்கில் விசாரணைக்கு வந்தபோது, தளபதி ஃபான் லேப் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கலாம், என்ன செய்வது, இருக்கிறபடிதான் பார்க்க முடியும் என்று நீதிபதிகள் வருந்தினார்கள். வேறொரு குற்றத்துக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள். அதை அவர் காவலிலேயே கழித்திருந்தார்.

பொதுமக்களைப் பட்டினி போடுவது போர்முறை ஆகாது என்று ஜெனீவா உடன்பாட்டின் கூடுதல் நெறிமுறை சொல்ல 1977 ஆக வேண்டியிருந்தது. அகிம்சையை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் இந்தியா இன்றுவரை அதில் சேரவில்லை. இலங்கையும் சேரவில்லை.

இலங்கை ஏன் சேரவில்லை என்று வன்னியைக் கேட்கலாம். 2009 தொடக்கத்தில் அங்கே அகப்பட்டிருப்பவர்கள் எழுபதாயிரம் பேர்தான் என்றது கொழும்பு. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். கணக்கை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. தப்பியோட முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. உள்ளிருந்து ஒருவர் தாழ்ப்பாள் போட்டார், வெளியிலிருந்து ஒருவர் பூட்டுப் போட்டார். நடுவில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்து உயிர் வைத்திருந்தார்கள் சனங்கள். கொத்துக்குண்டு வீசினார்களா இல்லையா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எழுபதாயிரம் என்ற அந்த ஓர் எண்ணை யாரும் ஆயுதப் பட்டியலில் சேர்க்கவில்லை.

வருடாவருடம் மே மாதம் செத்தவர்கள் நினைவாக அந்தக் கஞ்சியைக் காய்ச்சித் தெருவில் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், கஞ்சி கொடுத்த பெண்களைப் போலீஸ் கைதுசெய்தது. இதற்கு ரோமும் ஹேக்கும் ஜெனீவாவும் கூட வேண்டியிருக்கவில்லை. உள்ளூர் ஸ்டேஷனே போதுமாயிருந்தது.