ஒரு கோமா கூட, ஒரு கோமா குறைய

இஸ்தான்புல்லில் நான் ஊத் வாத்தியம் படித்த காலத்தில், அதாவது எண்பதுகளின் கடைசியில், புதிதாக ஒரு சாஸ் செமாயி (வாத்திய உருப்படி) கைக்கு வரவேண்டுமென்றால் ஒரு மத்தியானமே போய்விடும். ஹோஜா (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அலமாரியைத் திறப்பதற்குள் தேநீர் வரும், தேநீரோடு அந்தக் காகிதம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வம்சாவளியும் வரும், பிறகுதான் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போக உத்தரவு. ஜெராக்ஸின் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் படித்த தலைமுறை நீங்களும் என்றால் அந்தச் சாம்பல் பூத்த தாள் இப்போதே கண்ணில் தெரியும்: ஓரத்தில் என்றோ படித்த ஒரு மாணவனின் பென்சில் குறிப்பு, யாருடையதோ ஒரு தொலைபேசி எண், நடுவில் வட்டமாகத் தேநீர்க் கறை. கறை விசுவாசமாகப் பிரதியாகிவிடும்.

பிரதியாகாதது கீற்று. துருக்கி முறையில் ஒரு முழுச்சுர இடைவெளியை 9 கோமாவாகப் பிரிக்கிறார்கள். ஒரு ஸ்தாயிக்கு 53. சாதாரண ஃபிளாட் 5 கோமா இறக்கும், அதன் தண்டில் குறுக்கே ஒரு கீற்றுப் போட்டால் 4, முகத்தைத் திருப்பி வைத்தால் 1. மூன்றாம் தலைமுறை ஜெராக்ஸில் கீற்று மங்கி நாலு ஐந்தாகிவிடும். யாரும் அலட்டிக்கொண்டதில்லை. இன்ன மகாம் (நம் ராகம் மாதிரி) என்று தெரிந்தவனுக்குச் சுரம் எங்கே விழும் என்பதும் தெரியும். தெரியாதவனுக்கு ஹோஜாவின் தொண்டை இருந்தது.

அலட்டிக்கொண்டவன் நான். இருபத்துச் சொச்சம் வயது, கணிதம் படித்த திமிர். 1932இல் முதலாம் ஃபுவாத் மன்னர் கெய்ரோவில் கூட்டிய அரபு இசை மாநாட்டில், பார்டோக், ஹிண்டெமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் வந்திருந்த சபையில், ஸ்தாயியை 24 சமமான கால்சுரங்களாக வெட்டலாமா கூடாதா என்று பண்டிதர்கள் மோதித் தீராத வழக்கை, நான் ஒரு கணினி விசைப்பலகையை வைத்துத் தீர்த்துவிடுவதாக இருந்தேன்! அந்தப் பையனை இன்று பார்த்தால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பேன்.

அன்று கிடைத்த, இசை எழுதும் மென்பொருளுக்குக் கீற்றுப் போட்ட ஃபிளாட்டும் தெரியாது, திரும்பி நிற்கும் ஃபிளாட்டும் தெரியாது. எழுத்துருவை நாமே வரைந்து, அரைப்புள்ளி விசையில் ஒரு கோமாவையும் ஆச்சரியக்குறியில் நாலு கோமாவையும் குடிவைப்போம். கோப்பு இன்னொருவர் கணினிக்குப் போனதும் மகாம் முழுவதும் ஆச்சரியக்குறிகளாக நிற்கும். அரபுப் பாட்டு வரிகளோ, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நம் தமிழ் கணினித் திரையில் சிதறிக் கிடந்த நாட்களைப் போல, எழுத்தெழுத்தாகக் கழன்று, போதாததற்குப் பின்னிருந்து முன்னாக ஓடும். துருக்கியர்கள் 1928இலேயே லத்தீன் எழுத்துக்கு மாறி இந்த வழக்கிலிருந்து கழன்றுகொண்டார்கள். அதற்கெல்லாம் வெகுமுன்னே, பதினேழாம் நூற்றாண்டில், போலந்தில் பிறந்து அடிமையாக உஸ்மானிய அரண்மனைக்கு வந்த அலி உஃப்கி, ஐந்து கோட்டு இசைக்குறிப்பையே வலமிருந்து இடமாக எழுதிப் பாட்டையும் சுரத்தையும் ஒரே திசையில் அனுப்பிவிட்டார். ஒரு நாணல் பேனா செய்த காரியம்.

இப்போது எல்லாம் சுகம். 2013இல் வந்த ஸ்மஃபிள் என்ற, இசைக்குறி எழுத்துருக்களுக்கான பொது வரையறையில் துருக்கிக் குறிகளுக்கும் அரபுக் குறிகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். காசில்லாமல் கிடைக்கும் லிலிபாண்ட் மென்பொருளில் எழுதினால் பழைய செப்புத்தகட்டு அச்சுப் போலப் பக்கம் வந்து விழுகிறது. கறை இல்லை, தொலைபேசி எண் இல்லை. ஒலிக்கும் பொத்தான் ஒன்று உண்டு, வினை அங்கேதான். உஷ்ஷாக் மகாமில் இரண்டாம் சுரமான செகாஹை ஒரு கோமா இறக்கி எழுதுவார்கள், இரண்டு மூன்று கோமா இறக்கிப் பாடுவார்கள், அதுவும் கீழே இறங்கி வரும்போது இன்னும் தாழ்த்தி. எழுதியவருக்கும் தெரியும், பாடுபவருக்கும் தெரியும். கணினி மட்டும் சத்தியசந்தன். ஒன்று என்றால் ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அந்த ஒரு கோமாவை அப்பழுக்கில்லாமல் வாசித்துக் காட்டும்போது, நான் இளமையில் கேட்ட துல்லியம் இதுதானே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். காதுக்குச் சரியாக எழுதினால் பெரியவர்கள் குறி தப்பு என்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு உருப்படிக்கும் என்னிடம் இரண்டு கோப்புகள், ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கு. எது எது என்று அடிக்கடி குழம்பிவிடும்.

கெய்ரோ நண்பருக்கு அனுப்ப மூன்றாவது வேண்டும். அங்கே ராஸ்ட் மகாம் தொடங்குவது 'டோ'வில், துருக்கி எழுத்தில் 'சோல்'. நான் நாலு கோமாவுக்குப் போடும் கீற்று ஃபிளாட் அங்கே கால்சுரம். சுருதி மாற்றுவது முன்பு ஒரு ராத்திரி வேலை, இப்போது ஒரு சொடுக்கு. குறிகளைத்தான் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றியாக வேண்டும். போன மாதம் அப்படிக் கண் வலிக்க மாற்றி அனுப்பியதை அவர் வாசித்துப் பதிவும் அனுப்பியிருந்தார். சீகாஹை (செகாஹுக்கு அங்கே அப்படிப் பெயர்) நான் எழுதிய இடத்தில் அவர் வைக்கவேயில்லை, தன் ஊர் வழக்கப்படி எங்கோ வைத்திருந்தார், அபாரமாக இருந்தது. கூடவே ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருந்தார்: அடுத்த முறை அச்சு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி போட்டால்கூடத் தெரியவில்லையாம்.