பேண்ட் அங்கிள்

கண்டியில் ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்த மறுநாள் பேண்ட் அங்கிளுக்குச் சீசன் ஆரம்பம். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில், டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசை, கல்யாணப் பந்தி என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் அவர் இருப்பார். பிள்ளையின் பெயரைக் கேட்கமாட்டார். "ஐயெல்ட்ஸ் எடுத்தாச்சா மகள்? எத்தன பேண்ட்?" வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஆங்கிலப் பரீட்சையின் மதிப்பெண்தான் பேண்ட்; இந்தக் கேள்விதான் அவருடைய வணக்கம்.

ஆறு என்றால் உதட்டைப் பிதுக்குவார். ஆறரை என்றால், "பரவால்ல, போட்டுப் பாக்கலாம்." ஏழு என்றால் பக்கத்தில் இருப்பவரை நகரச் சொல்லி இடம் தருவார். ஊரெல்லாம் ஏழரைக்குப் பரிகாரம் தேட, ஏழரை வரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொல்பவர் இவர் ஒருவர்தான். உண்மையிலேயே ஏழரை எடுத்த பிள்ளை எதிரே வந்தால் மட்டும் முகம் வாடிவிடும். அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லையே!

ஒக்ஸ்ஃபோர்டுக்கு ஏழரை, ஒரு பிரிவிலும் ஏழுக்குக் குறையக்கூடாது. மெல்பேர்னுக்கு ஆறரை, ஒன்றிலும் ஆறுக்குக் குறையக்கூடாது. எல்லாம் மனப்பாடம். போன வருஷம் கம்பளையிலிருந்து ஒரு பையன் ரிசல்ட் தாளோடு வந்தான். லிசனிங் 7.5, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. அங்கிள் கண்ணை மூடினார். கூட்டினால் 26, நாலால் வகுத்தால் 6.5.

"ஆறரை இருக்குதானே அங்கிள்?"

"இருந்து என்ன மகன்? ரைட்டிங் அஞ்சர. மெல்பேர்ன் வாசல்ல தல உள்ள போயிருச்சு, கால் மாட்டிக்கிச்சு."

பிறகு குறுக்கு விசாரணை. முதல் கேள்விக்கு எத்தனை நிமிஷம்? அதில் வந்த கோட்டுப்படத்தை விவரித்தே 40 நிமிஷம் போய்விட்டதாம். "மொத்தம் ஒரு மணித்தியாலம். 150 சொல் கேட்ட இடத்துல 220 எழுதியிருக்க. 250 கேட்ட இடத்துல 180. ரெண்டாவதுக்குத்தான் இரட்டை மார்க்ஸ், தெரியுமா?" பையன் தலையைக் குனிந்தான். இதில் கொடுமை, அங்கிள் சொன்னது அத்தனையும் சரி.

"இந்தச் சர்ட்டிபிகேட் ரெண்டு வருஷம்தான் செல்லும். சுணங்காம திருப்பி எடு."

"ரெண்டு வருஷத்துல இங்கிலீஷ் மறந்துருமா அங்கிள்?"

"உனக்கு மறக்காது மகன். அவனுகளுக்கு உன்ன மறந்துரும்."

இத்தனை தெரிந்த அங்கிள் அந்தப் பரீட்சையை ஒருநாளும் எழுதியதில்லை. பிள்ளைகளை மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, வெளியே நின்று வெற்றிலை போட்டதோடு சரி. ஆனால் பரீட்சைக் கவலை அவருக்குப் பரம்பரைச் சொத்து. 1952-இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது பாடம் நடந்தது ஆங்கிலத்தில். அவருடைய அப்பா தலைமுறைக்கு அந்த வாசலில் ஆங்கிலம் காவல் நின்றது. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. தமிழில் படித்த அங்கிள், அரசாங்க உத்தியோகத்தைக் காப்பாற்றச் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினார். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு ஐயெல்ட்ஸ். ஒரே குடும்பம், ஒரே மலை; தலைமுறைக்கு ஒரு பாஷை வந்து வாசலை மறிக்கிறது.

ஏரிக்கரையில் நடக்கும்போது இதற்கு ஒரு சரித்திரமும் சொல்லுவார். "இந்த ஏரிய வெட்டின ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் யாரு? நம்ம மதுரை நாயக்கர் வம்சம். சொந்தப் பேரு கண்ணுசாமி. 1798-இல சிம்மாசனம் ஏறக்குள்ள, சிங்களத்துல எத்தன பேண்ட்னு ஒருத்தனும் கேக்கல்ல!"

ஒருநாள் அவரோடு பேராதனை பஸ்ஸில் ஏறினேன். "மல்லி, பேராதெனிய தெகக்" என்று டிக்கெட் வாங்கினார். மிச்சக் காசு குறைந்ததும் கண்டக்டரோடு சிங்களத்தில் ஒரு சின்ன யுத்தம். இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் வெற்றி. முன் சீட்டில் இருந்த அக்குறணை நானாவிடம் தமிழில் மிளகு விலை விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்குப் பாஷை அறிவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அங்கிளுக்கு எத்தன பாஷ தெரியும்?"

"ஒண்ணுதான். இங்கிலீஷ்."

"இப்ப கண்டக்டரோட பேசினது?"

"அது பஸ்ஸுக்கு."

"நானாவோட பேசினது?"

"அது வீட்டுக்கு."

கம்பளைப் பையன் இரண்டாம் தடவை ரைட்டிங்கில் ஆறு எடுத்துப் போய்விட்டான். அது அங்கிளின் வெற்றி. அவனோடு எழுதித் தவறவிட்ட இன்னொருவன், சொல்லுக் கேட்காதவன்.

இந்த வருஷம் அங்கிள் கட்சி மாறிவிட்டார். ஜெர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். "ஐயெல்ட்ஸ் எல்லாம் பழசு மகள். ஜெர்மன் பரீட்சை டெஸ்ட்டாஃப்ல நாலு பிரிவிலயும் நாலு எடு, இல்லாட்டி டி.எஸ்.எச். ரெண்டு எடு." கோயிலுக்கு மாலைப் பூசைக்கு வருகிறவர்களைக் கைகூப்பி, "கூட்டன் மோர்கன்" என்று வரவேற்கிறார். அது காலை வணக்கம் என்று ஜெர்மன் கிளாஸ் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், "நீ ஏ-ஒன்னா, ஏ-டூவா?" என்று பிரசாத வரிசையிலேயே விசாரணை தொடங்கிவிடும்.