அடுத்த வீட்டுப் போலீஸ்

கே: பிடித்த நாட்டில் உள்ளூர்க்காரர்களையே போலீஸாக்கினாராமே ஹிட்லர், நம் பக்கம் அப்படி நடந்ததுண்டா? (வாசகர், கிழக்குத் தாம்பரம்)

ப: போலந்தில் 1939-ல், அங்கேயே பிறந்து வளர்ந்த ஜெர்மானியர்களைத் திரட்டி ‘ஸெல்ப்ஸ்ட்ஷுட்ஸ்’ படை அமைத்தது ஹிட்லரின் எஸ்.எஸ். வாத்தியார் எந்த வீடு, பாதிரியார் எந்தத் தெரு, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. போலந்துக்காரர்களைக் காட்டிக்கொடுத்ததோடு நிற்கவில்லை, பலரைச் சுட்டதும் அவர்களே.

நம் பக்கம் நடந்தது வேறு ரகம். 1989-ல் இந்திய அமைதிப்படை இருந்தபோது வடகிழக்கு இலங்கையில் டெல்லி ஆதரவு பெற்ற தமிழ் இயக்கத்தார் ‘தமிழ் தேசிய ராணுவம்’ திரட்டினார்கள். ரோட்டில் போன பள்ளிக்கூடப் பையன்களைக்கூட இழுத்துப்போய்த் துப்பாக்கி கொடுத்தார்கள். நம் படை வாபஸாக வாபஸாக, அந்தப் பையன்கள் புலிகளிடம் சிக்கினார்கள், பலர் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர்களும் கப்பலேறி மெட்ராஸ் வந்துவிட்டார்கள். இந்தப் பையன்களை ஸெல்ப்ஸ்ட்ஷுட்ஸ் கொலைகாரர்களோடு சேர்க்க எனக்கு மனம் வராது. அவர்களைப் பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது பிடித்துப்போனவர்களும் டெல்லியும்தான்.